தேடி வரும் அலமாரி

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது.

"மாமா, எங்க மலைத் தேனைச் சென்னையில இருக்கிற ஒருத்தர் போன்ல ஆர்டர் போடுறாரு. ரெண்டு மூணு நாள்ல அவர் வீட்டுக்குப் போயிடுது. அவ்வளவு பெரிய குடோன்ல அந்த ஒரு பாட்டிலை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? எல்லாத்தையும் ரோபோதான் செய்யுதாமே, நிஜமா?"

சபாஷ், கண்ணு! தேன் எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். தேன் எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்க ஒரு தனிக் கூர்மை வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய அறிவியலே இருக்கிறது. வா, மெதுவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு பெரிய கிடங்கை மனத்தில் கட்டிக்கொள். உன் பள்ளி விளையாட்டுத் திடலைப் போலப் பல திடல்கள் சேர்ந்த பரப்பு. மேலே தகரக் கூரை. உள்ளே வரிசை வரிசையாக அலமாரிகள். அவற்றில் சோப்பு, சட்டை, நோட்டு, செல்போன், பொம்மை, நம் தேன் பாட்டில் என்று லட்சக்கணக்கான பொருள்கள்.

பழைய முறையில் என்ன நடக்கும்? ஓர் அண்ணன் கையில் பட்டியலோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஓர் அலமாரியில் சோப்பு எடுப்பார். பத்து வரிசை தாண்டி நோட்டு எடுப்பார். மறுகோடிக்குப் போய்த் தேன் எடுப்பார். பிறகு பொட்டலம் கட்டும் மேசைக்குத் திரும்புவார். பொருளை எடுக்கச் சில விநாடிதான். அதன் இடத்துக்குப் போகத்தான் நிமிடங்கள். இப்படி எடுத்துக் கொடுப்பவருடைய வேலை நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே கழிந்துவிடும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

புரிகிறதா? கிடங்கின் பெரிய எதிரி நடை. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள். இனிமேல் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த நடையை எப்படிக் குறைப்பது என்பதுதான்.

ரோபோ வருவதற்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டவர் உன் ஊர் மளிகைக் கடைக்காரர். அவர் கடையைக் கவனித்துப் பார். சர்க்கரை, பருப்பு, உப்பு, எண்ணெய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தீபாவளிக்கு மட்டும் விற்கும் பொருள் பரண்மேல் இருக்கும். அடிக்கடி கேட்கிற பொருள் அருகில், எப்போதோ கேட்கிற பொருள் தூரத்தில். பெரிய கிடங்குகளில் பொறியாளர்கள் கணினி வைத்துச் செய்வதும் இதே வேலைதான். எந்தப் பொருள் ஒரு மாதத்தில் எத்தனை முறை வெளியே போனது என்று எண்ணிப் பார்த்து, அதிகம் ஓடுகிற பொருளை வாசலுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பெரும்பாலான கிடங்குகளில் சில பொருள்கள்தான் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவை தூங்கும். ஓடுகிறவற்றுக்கு நல்ல இடம் கொடுத்தாலே நிறைய நடை மிச்சம்.

சரி, பொருள் எங்கே இருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு முகவரி வேண்டும்.

உங்கள் மலையிலேயே காவலூர் இருக்கிறதே, அங்குள்ள வைணு பாப்பு வான்ஆய்வு மையத்தைப் பார்த்திருக்கிறாயா? 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கே 1986 முதல் வேலை செய்கிறது. வானத்தில் எண்ண முடியாத விண்மீன்கள். அவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள்? அந்த விண்மீனின் முகவரியாக இரண்டு எண்களைக் கொடுக்கிறார்கள். தொலைநோக்கி சரியாக அந்த இடத்துக்குத் திரும்புகிறது. கிடங்கில் மூன்று எண்கள் போதும். எந்த வரிசை, அந்த வரிசையில் எத்தனையாவது அலமாரி, அந்த அலமாரியில் எந்தத் தட்டு. 14, 6, 3 என்றால் பதினான்காம் வரிசை, ஆறாம் அலமாரி, மூன்றாம் தட்டு. அவ்வளவுதான்.

இடத்துக்கு முகவரி கொடுத்தாயிற்று. பொருளுக்குப் பெயர் வேண்டாமா? அந்தப் பெயர்தான் நீ தினமும் பார்க்கும் கறுப்புக் கோடுகள். பார்கோடு.

இதன் கதை ரொம்பச் சுவையானது. அமெரிக்காவில் ஜோசப் உட்லாண்ட் என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதில் சாரணர் படையில் மோர்ஸ் தந்தி மொழி கற்றவர். புள்ளியும் கோடும் வைத்தே எழுத்துகளைச் சொல்லும் மொழி அது. கடையில் பொருளின் விவரத்தை இயந்திரமே படிக்க வேண்டும், அதற்கு என்ன வழி என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் மயாமிக் கடற்கரையில் உட்கார்ந்து மணலில் புள்ளிகளும் கோடுகளும் போட்டுப் பார்த்தார். பிறகு விரல்களை மணலில் பதித்துத் தன் பக்கம் இழுத்தார். புள்ளிகள் நீண்டு மெல்லிய கோடுகளாயின. கோடுகள் நீண்டு தடித்த கோடுகளாயின. கிடைத்துவிட்டது வழி! நண்பர் பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து 1952-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைக் கடைகளில் படிக்கும் கருவி புழக்கத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1974 ஜூன் 26 அன்று ஓஹியோ மாநிலத்து டிராய் ஊரில், ஒரு கடையில், இன்று நாம் பார்க்கும் வகைப் பார்கோடு மூலம் முதன்முதலாக ஒரு பொருள் விற்றது. என்ன பொருள் தெரியுமா? ஒரு பாக்கெட் சூயிங் கம்!

இப்போது நீ எழுந்து போய் வீட்டில் உள்ள ஒரு சோப்பு உறையை எடுத்துவா. நான் காத்திருக்கிறேன்.

கொண்டுவந்தாயா? கோடுகளுக்குக் கீழே 13 எண்கள் இருக்கும். முதல் மூன்று எண்கள் 890 என்று இருந்தால், அந்த வரிசை எண்ணை நிறுவனத்துக்குக் கொடுத்தது இந்தியாவில் உள்ள அமைப்பு என்று பொருள். கடைசி எண் ஒரு காவல்காரர். மற்ற பன்னிரண்டு எண்களில் ஏதாவது ஒன்றைத் தப்பாகப் படித்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படி? 8901234567890 என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். முதல், மூன்றாம், ஐந்தாம் இடம் என்று ஒற்றைப்படை இடங்களில் உள்ள எண்களைக் கூட்டு. கடைசி எண்ணை இப்போது தொடாதே. 8, 0, 2, 4, 6, 8 கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ள 9, 1, 3, 5, 7, 9 கூட்டினால் 34. இதை மூன்றால் பெருக்கு. 102. இரண்டையும் சேர்த்தால் 130. இதோடு எந்த எண்ணைக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபடும்? 130 ஏற்கெனவே வகுபடுகிறது. ஆகவே 0. கடைசி எண் 0-தானே? சரியாக இருக்கிறது! உன் சோப்பு உறையிலும் செய்து பார். தப்பு வந்தால் நீ எங்கோ கூட்டலில் சறுக்கியிருப்பாய். மறுபடி செய்.

இப்போதுதான் ரோபோ உள்ளே வருகிறது.

2003-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பக்கம் கிவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கிய மிக் மவுண்ட்ஸ் அதற்கு முன் வெப்வேன் என்ற இணைய மளிகை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த நிறுவனம் 2001-ல் மூழ்கிவிட்டது. பொருளை எடுத்துக் கட்டி அனுப்புவதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதை அங்கே நேரில் பார்த்தவர் அவர். எல்லோரும் அண்ணனை எப்படி வேகமாக நடக்கவைப்பது என்று யோசித்தபோது, இவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். அண்ணன் ஏன் அலமாரியைத் தேடிப் போக வேண்டும்? அலமாரி அண்ணனைத் தேடி வரட்டுமே!

அதற்காக இவரும் பீட்டர் வுர்மன், ரஃபேல்லோ டி'ஆண்ட்ரியா என்ற இரு நண்பர்களும் உருவாக்கியது தட்டையான ஒரு சிறு வண்டி. முழங்கால் உயரம்கூட இருக்காது. அலமாரியின் அடியில் புகுந்து, நடுவில் நின்று, மேல்தட்டைத் திருகு போலச் சுழற்றி அலமாரியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கும். கிவாவின் சிறிய வண்டியே ஏறக்குறைய 450 கிலோ சுமக்கும். தரையில் குறிப்பிட்ட இடைவெளியில் சின்னச் சின்னக் குறியீட்டுத் தாள்கள் ஒட்டியிருக்கும். வண்டியின் வயிற்றில் ஒரு கேமரா உண்டு. ஒவ்வொரு தாளையும் படித்து "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே போகும். மேலே சுமையில்லாதபோது அலமாரிகளின் அடியிலேயே குறுக்கே புகுந்து ஓடும். தூக்கியபின் அப்படிப் போக முடியாது, பாதை வழியாகத்தான் போக வேண்டும். மின்சாரம் குறைந்தால் தானே போய்ச் சார்ஜ் போட்டுக்கொள்ளும்.

2012-ல் அமேசான் நிறுவனம் கிவாவை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தியாவிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், கண்ணு. பிலானியில் பொறியியல் படித்த சமய் கோலி, ஆகாஷ் குப்தா இருவரும் மாணவர்களாக இருந்தபோதே மனித வடிவ ரோபோ செய்தவர்கள். 2011-ல் கிரேஆரஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கி, கிடங்கு ரோபோக்களைச் செய்து வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். 2019-ல் ஃபிளிப்கார்ட் பெங்களூருவில் உள்ள தன் கிடங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு வண்டிகளை ஓடவிட்டது. ஒவ்வொரு வண்டியும் ஒரு பார்சலைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி, அது போக வேண்டிய ஊருக்கான குழியில் சரியாகக் கவிழ்க்கும். மணிக்கு 4,500 பார்சல்களைப் பிரிக்கிறது என்று அந்த நிறுவனம் அறிவித்தது. நம் கோயம்புத்தூரில் உள்ள கிராஃப்ட்ஸ்மன் ஆட்டோமேஷன் தானியங்கி அடுக்குக் கிடங்குகளைச் செய்கிறது.

இங்கே உன்னைக் கொஞ்சம் குழப்பப் போகிறேன். அலமாரி தேடி வரும் கிடங்குகளில் பொருள்களைப் பெரும்பாலும் வகை பிரித்து அடுக்குவதில்லை! தேன் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிரிக்கெட் பந்து, அதன் பக்கத்தில் சீப்பு, அதன் மேல் கதைப் புத்தகம். உன் மேசை இப்படி இருந்தால் அம்மா திட்டுவார். ஆனால் இங்கே அதற்கு மூன்று காரணம் உண்டு. எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வைத்துவிடலாம், இடம் வீணாகாது. ஒரே தேன் பல அலமாரிகளில் சிதறிக் கிடப்பதால், எப்போதும் ஏதாவது ஒரு தேன் அலமாரி பக்கத்தில் இருக்கும். மூன்றாவது காரணம் எனக்குப் பிடித்தது. கால் கிலோத் தேனும் அரை கிலோத் தேனும் அருகருகே இருந்தால் அவசரத்தில் கை மாறிப்போகும். தேனுக்குப் பக்கத்தில் சீப்பு இருந்தால் யாராவது மாற்றி எடுப்பார்களா? எது எங்கே என்று நினைவில் வைக்க வேண்டியது கணினி. நம் அண்ணன் தவிக்க வேண்டியதில்லை.

ஆனால் நூறு வண்டிகள் ஒரே தரையில் ஓடினால்? இடித்துக்கொள்ளாதா?

நல்ல சந்தேகம். முதலில், ஒரு வண்டிக்குக் குறுகிய வழி எது என்று தெரிய வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து வேலூர் போக அமிர்தி வழியும் உண்டு. போளூரில் இறங்கிப் போகும் வழியும் உண்டு. காவலூர், ஆலங்காயம் வழியாகச் சுற்றியும் போகலாம். மூன்று வழி என்றால் கூட்டிப் பார்த்துவிடலாம். மூவாயிரம் வழி என்றால்? இதற்கு ஒரு முறை கண்டவர் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைத்தெரு சுற்றிவிட்டு, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, பேனா காகிதம்கூட இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்து முடித்தாராம். 1959-ல் அச்சில் வந்த அந்த முறையும் அதிலிருந்து வளர்ந்த முறைகளும் இன்று உன் அப்பா போனில் பார்க்கும் வரைபடத்துக்கும் உதவுகின்றன, கிடங்கு வண்டிக்கும் உதவுகின்றன.

குறுகிய வழி மட்டும் போதாது. எல்லா வண்டிக்கும் ஒரே குறுகிய வழி என்றால் அங்கே நெரிசல்தான். ஒரு நாற்சந்தியில் நான்கு வண்டிகள் வட்டமாக நின்று, ஒவ்வொன்றும் முன்னால் இருப்பது நகரட்டும் என்று காத்திருந்தால் எது நகரும்? எதுவும் நகராது. பொழுது விடியும்வரை அப்படியே நிற்கும். அதனால் தரையைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரித்து, "இந்த விநாடியில் இந்தக் கட்டம் உனக்கு, அடுத்த விநாடியில் அது அவனுக்கு" என்று கணினி முன்பதிவு செய்துவிடுகிறது. சில பாதைகளை ஒருவழிப் பாதையாக்குகிறது. பல வண்டிகள் ஓடும் கிடங்கில் வண்டி செய்வது பாதி வேலைதான். இந்த வழிவகுத்தல் மறுபாதி.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மேலே போய் ஒருமுறை படித்துவிட்டு வா. ஏனென்றால் இனி வருவதுதான் கறி. இதுவரை பார்த்தது சோறு.

ஒரு கிடங்கைக் கட்டுவதற்கு முன்பே அது போதுமா போதாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் ஒரு சின்ன விதியை நிறுவிக் காட்டினார். இரண்டு எண்களைப் பெருக்கத் தெரிந்தால் போதும். மணிக்கு எத்தனை வருகிறது என்பதை, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் உள்ளே தங்குகிறது என்பதோடு பெருக்கு. உள்ளே எப்போதும் சராசரியாக எத்தனை இருக்கும் என்பது வந்துவிடும்.

உங்கள் மலைச் சாமையை வைத்தே பார்ப்போம். ஓர் அரைவை ஆலைக்கு மணிக்கு 10 மூட்டைச் சாமை வருகிறது. ஒவ்வொரு மூட்டையும் உமி நீக்கி வெளியே போக 4 மணி நேரம் ஆகிறது. 10-ஐ 4-ஆல் பெருக்கு. 40 மூட்டைக்கு இடம் வேண்டும். சந்தேகமா? காலை எட்டு மணிக்கு ஆரம்பி. பன்னிரண்டு மணிக்கு 40 மூட்டை உள்ளே சேர்ந்திருக்கும். அதற்குப் பின் புதிது ஒன்று வரும்போது பழையது ஒன்று கிளம்பும். எண்ணிக்கை நாற்பதிலேயே நிற்கும்.

இப்போது ஆலைக்காரர், "இடம் போதவில்லை, இன்னொரு கொட்டகை போட வேண்டும்" என்கிறார். நீ என்ன சொல்வாய்? கொஞ்சம் யோசி.

"ஐயா, மூட்டை தங்கும் நேரத்தை 2 மணியாகக் குறைக்க முடியுமா?" என்று கேட்பாய். குறைத்தால் 20 மூட்டைக்கு இடம் போதும். இருக்கும் கொட்டகையிலேயே பாதி காலியாகிவிடும்! செங்கல் சிமென்ட் வாங்கும் முன் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லும் விதி இது.

இன்னொரு புதிர். ஒரு கிடங்கில் லாரியிலிருந்து மணிக்கு 60 பெட்டி இறக்குகிறார்கள். அலமாரியிலிருந்து மணிக்கு 50 பெட்டிக்கான பொருளை எடுக்கிறார்கள். மணிக்கு 30 பெட்டி கட்டுகிறார்கள். மணிக்கு 80 பெட்டி ஏற்றுகிறார்கள். மணிக்கு எத்தனை பெட்டி வெளியே போகும்?

80 இல்லை. சராசரியும் இல்லை. 30 மட்டுமே. கட்டும் இடத்தைத் தாண்டித்தானே எல்லாம் போயாக வேண்டும்!

முதலாளி பெரும்பணம் போட்டு, பொருள் எடுக்கும் வேலைக்கு ரோபோக்களை வாங்குகிறார். எடுக்கும் வேகம் 50-லிருந்து 200 ஆகிறது. இப்போது எத்தனை வெளியே போகும்? அதே 30! முன்பு கட்டும் மேசைக்கு முன்னால் மணிக்கு 20 பெட்டி தேங்கியது. லாரி இறக்குவதே 60 என்பதால் இனி 30 தேங்கும். ரோபோவும் பாதி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் போட்டுக் கட்டும் மேசைக்கு இரண்டு அக்காக்களைக் கூடுதலாக வைத்திருந்தால் பலன் கிடைத்திருக்கும். எந்த இடம் மெதுவாக இருக்கிறதோ அதைச் சரிசெய். சரிசெய்ததும் வேறோர் இடம் மெதுவானதாக மாறும். பிறகு அதைப் பார். கிடங்கை மேம்படுத்துவது என்பது இப்படி ஓயாமல் நடக்கும் வேலை.

இதையெல்லாம் கட்டிய பிறகு கண்டுபிடித்தால் காசு போச்சு. அதனால் பொறியாளர்கள் முதலில் கணினிக்குள் ஒரு கிடங்கு கட்டுகிறார்கள். அதில் பொய் லாரி வரும், பொய்ப் பெட்டி இறங்கும், பொய் ரோபோ ஓடும். தீபாவளிக் கூட்டம் வந்தால் என்னாகும், மூன்று வண்டி பழுதானால் என்னாகும் என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள். ஒரு வருடத்தைச் சில நிமிடங்களில் ஓட்டிப் பார்க்கலாம். நெரிசல் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அழித்துவிட்டு வேறு மாதிரி வரையலாம்.

2025-ல் அமேசான் தன் கிடங்குகளில் பத்து லட்சமாவது ரோபோவை இறக்கியது. அதே சமயம் எல்லா ரோபோக்களுக்கும் வழி சொல்ல ஒரு புதிய கணினித் திட்டம் கொண்டுவருவதாகவும், அதனால் பயண நேரம் 10 சதவீதம் குறையும் என்றும் சொன்னது. பத்து சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்காதே. ஒரு நடைக்கு 100 விநாடி ஆன இடத்தில் இப்போது 90 விநாடி. முன்பு 900 விநாடியில் 9 நடை, இப்போது 10 நடை. ஒரு திருகாணிகூடப் புதிதாக வாங்காமல், ஒன்பது வண்டி பத்து வண்டி வேலையைச் செய்கிறது. நன்றாக யோசித்த வழியே கூடுதல் வண்டி.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. அலமாரி தேடி வந்ததால் தொழிலாளர்களின் நடை குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு இயந்திரத்தின் வேகத்துக்குக் கையை ஓட்ட வேண்டியிருக்கிறது, தோளும் முதுகும் வலிக்கிறது என்று அவர்கள் பல நாடுகளில் முறையிட்டிருக்கிறார்கள். திட்டம் போடுகிறவர் ரோபோவின் மின்சாரத்தைக் கணக்கிடுவது போல மனிதரின் களைப்பையும் கணக்கிட வேண்டும். கணக்கிடாத திட்டம் அரைகுறைத் திட்டம் என்பேன்.

சரி, தங்கையின் ஊருக்கு வருவோம். ஜவ்வாது மலையில் ரோபோக் கிடங்கு வேண்டுமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். அந்த வண்டி ஓட மேடு பள்ளமில்லாத வழுவழுத் தரை வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாள் முழுக்க ஆயிரக்கணக்கான ஆர்டர் வேண்டும். சில நூறு மூட்டைக்கு அது வீண் செலவு. ஆனால் திட்டம் வேண்டுமா? கட்டாயம் வேண்டும்.

உதாரணமாகச் சாமை. உமியோடு இருந்தால் நெடுநாள் கெடாது. உமி நீக்கி அரிசியாக்கிவிட்டால் அதிலுள்ள கொழுப்பு காற்றுபட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அப்படியானால் அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் அரைத்து வைப்பதா, உமியோடு அட்டி போட்டு வைத்து ஆர்டர் வர வர அரைப்பதா? நீயே சொல். சீத்தாப்பழம் வேறு கதை. பழுத்தால் ஓரிரு நாள்தான் தாங்கும். அதைக் கிடங்கில் வைப்பதே தப்பு, பறித்த கையோடு வண்டி ஏறி மலை இறங்க வேண்டும். புளி ஈரத்தை இழுக்கும். மழை பெய்யும் மலையில் அதற்குக் காற்றுப் புகாத பை வேண்டும். தேன் பாட்டில் கனமானது, கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

மூட்டையைத் தரையில் நேராகப் போடக் கூடாது, ஈரம் ஏறும். அடியில் மரச்சட்டம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் வந்த தேதியை எழுத வேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. இன்று நாடு முழுக்க அதன் கிடங்குகள் இருக்கின்றன. அங்கேயும் பழைய மூட்டைக்கே முதல் மரியாதை. இதற்கு வேண்டியது ஒரு நோட்டு, ஒரு தராசு, ஒரு மார்க்கர் பேனா. ரோபோ கடைசியில் வரட்டும், தேவைப்பட்டால்.

இனி உன் முறை, கண்ணு. உன் பள்ளியில் மதிய உணவு வரிசை இருக்கிறதல்லவா? நாளை ஒரு கடிகாரத்தோடு ஓரமாக நில். தட்டு கழுவ ஒருவருக்கு எத்தனை விநாடி, சோறு வாங்க எத்தனை விநாடி, முட்டை வாங்க எத்தனை விநாடி என்று பத்துப் பேருக்குக் குறித்துக்கொள். எந்த இடத்தில் வரிசை தேங்குகிறது என்று கண்டுபிடி. அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்ற ஒரு யோசனை எழுது. அதைத் தலைமையாசிரியரிடம் காட்டு. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.